கயிற்றில் கட்டிய வீடு: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் எங்கள் படகு வாழ்க்கையைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: நானும் என் கணவரும் 2019 முதல் 2023 வரை இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில், ஒரு மெரினாவில் கட்டியிருந்த 11 மீட்டர் நீளப் பாய்மரப் படகில் குடியிருந்தோம். அவருக்கு அங்கே கப்பல்களைச் சோதிக்கும் வேலை, நான் படகிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்த்தேன். இப்போது மும்பைக்கே திரும்பி செம்பூரில் இருக்கிறோம். அந்தக் கட்டுரைக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, அதிலும் பாதி சமையலையும் கழிவறையையும் பற்றி. கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, மெரினா என்றதும் எனக்குச் சென்னைக் கடற்கரைதான் ஞாபகம் வந்தது. படகை மணலிலா நிறுத்தினீர்கள்? ராத்திரி அலை அடித்துக்கொண்டே இருக்காதா?
வாசகி, காட்கோபர்

நிறைய பேருக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. சென்னையில் இருப்பது பெயர் மட்டும்தான். 1880களில் சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், கடற்கரையோரம் நடைபாதை போட்டபோது இத்தாலியின் சிசிலித் தீவு நினைவில் அந்தப் பெயரை வைத்தார். நான் சொல்லும் மெரினா சிறு படகுகளுக்கான துறை. ஆற்று முகத்திலோ தடுப்புச் சுவருக்கு உள்ளேயோ இருக்கும், அதனால் பெரிய அலை உள்ளே வராது. தண்ணீரில் மிதக்கும் நடைபாதைகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள், அதற்குப் பொன்டூன் என்று பெயர். கார் நிறுத்துகிற மாதிரி ஒவ்வொரு படகுக்கும் ஓர் இடம், அந்த இடத்தருகே ஒரு குழாய், கரண்டுக்கு ஒரு கம்பம்.

இதில் ஓர் அழகான விஷயம் உண்டு. சவுதாம்ப்டனில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி கடல் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்கும். பொன்டூனும் படகும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் படகுக்குள் இருக்கும் நமக்கு அது தெரியவே தெரியாது. கரையிலிருந்து பொன்டூனுக்கு இறங்கும் பாலம்தான் காட்டிக்கொடுக்கும். நீர் உயர்ந்திருந்தால் அது சமதளமாக இருக்கும், நீர் வற்றினால் மாடிப்படி மாதிரிச் செங்குத்தாகிவிடும். அரிசி மூட்டை வாங்கிவர வேண்டுமென்றால் முதலில் கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓதப் பட்டியலைப் பார்ப்பேன், அப்புறம்தான் கடைக்குக் கிளம்புவேன். அந்த ஊர்க் கடலுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு, உயர் ஓதம் அடுத்தடுத்து இரண்டு முறை வரும். ஒருமுறை ஏறி, கொஞ்சம் இறங்கி, சுமார் இரண்டு மணி நேரத்தில் மறுபடி ஏறும், அதன் பிறகு மடமடவென்று வடியும். எங்கள் மளிகைக்கு அந்த இரண்டு மணி நேரம் பெரிய உதவி.

ராத்திரியில் அலையை விடக் காற்றின் சத்தம்தான் அதிகம். பாயை ஏற்றும் கயிறுகள் அலுமினியப் பாய்மரத்தில் டங் டங் என்று அடிக்கும், நூறு படகில் ஒரே நேரத்தில் அடித்தால் கோயில் மணி மாதிரி இருக்கும். நம் கயிற்றை மரத்திலிருந்து விலக்கி இழுத்துக் கட்டிவிட்டால் நம்முடையது அடங்கும். அதைச் செய்யாமல் ஊருக்குப் போய்விடுகிற பக்கத்துப் படகுக்காரர் மேல் வரும் கோபத்தை அங்கே வாழ்ந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இட்லி, தோசை எல்லாம் உண்டா, இல்லை ரொட்டியும் ஜாமுமா? கிரைண்டரை எங்கே வைத்தீர்கள்?
மாட்டுங்காவிலிருந்து மூன்று பேர், தானேயிலிருந்து ஒருவர்

உண்டு, எல்லாம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருந்தது.

முதலில் கரண்டு. பொன்டூன் கம்பத்திலிருந்து படகுக்கு ஒரே ஒரு கம்பிதான் வரும், 230 வோல்ட், 16 ஆம்பியர். ஹீட்டர் 2000 வாட், கெட்டில் இன்னொரு 2000 வாட், இரண்டையும் சேர்த்துப் போட்டால் 17 ஆம்பியரைத் தாண்டிவிடும், கம்பத்தில் இருக்கும் சுவிட்ச் விழுந்துவிடும். அதைத் தூக்கிவிட ஜனவரி மாதக் காலை ஆறு மணிக்கு மழையில் வெளியே போக வேண்டும். இரண்டு முறை போய்வந்த பிறகு நாங்கள் இருவருமே கெட்டிலைத் தொடும் முன்பு "ஹீட்டர் அணைச்சாச்சா?" என்று குரல் கொடுக்கப் பழகிவிட்டோம். செம்பூர் வீட்டில் இன்றும் டீ போடும் முன் அந்தக் கேள்வி வாயில் வந்துவிடுகிறது. கிரைண்டருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, அது 150 வாட்தான் எடுக்கும். மேசை மேல் வைக்கும் 2 லிட்டர் கிரைண்டரை ஊரிலிருந்தே கொண்டுபோனேன். அதை மேசையில் வைக்கவில்லை, காற்றில் படகு சாய்ந்தால் அந்தக் கல் உருண்டு வந்து காலை உடைக்கும், தரையோடு சேர்த்துப் பட்டையால் கட்டி வைத்திருந்தேன்.

மாவு புளிப்பதுதான் பெரிய பாடு. குளிர்காலத்தில் ராத்திரி ஹீட்டரை அணைத்துவிட்டால் உள்ளே 8 டிகிரி வரை இறங்கும், மாவு அப்படியே கல்லாக உட்கார்ந்திருக்கும். வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் ஒரு பழைய கம்பளியில் சுற்றி வைத்துப் பார்த்தேன், மறுநாள் மதியத்துக்குள் பொங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த அலமாரியில் வேறு எதையும் வைக்க அவருக்கு அனுமதி இல்லை.

இட்லி வெந்ததும் வருவது ஈரம். இதை யாரும் முன்னாடியே சொல்வதில்லை, அதனால் நான் நீட்டிச் சொல்கிறேன். படகின் ஓடு, அதாவது வெளிச்சுவர், ஃபைபர் கிளாஸ், வெளியே ஐந்து டிகிரித் தண்ணீர், உள்ளே இட்லிக் கொப்பரையின் ஆவி, நம் இரண்டு பேரின் மூச்சு, உலர்த்தப் போட்ட துண்டு, இவ்வளவும் போய் அந்தக் குளிர்ந்த சுவரில் தண்ணீராக உட்காரும். சுவர் அழும். மெத்தையைத் தூக்கினால் அடியில் குளம், ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் கறுப்புப் பூஞ்சை. முதல் குளிர்காலத்தில் என் கல்யாணப் பட்டுப்புடவை ஒன்று அப்படித்தான் போயிற்று, அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. அப்புறம்தான் மெத்தைக்கு அடியில் காற்றுப் போகிற மாதிரி மரச்சட்டம் போட்டோம், ஈரத்தை உறிஞ்சும் மின்கருவி ஒன்றும் வாங்கினோம். இட்லி வேகும்போது எவ்வளவு குளிராக இருந்தாலும் மேல்கதவைத் திறந்துவைத்துவிடுவேன். ஈர உறிஞ்சி ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் பிடித்த நாட்கள் உண்டு.

அடுப்பு கேஸ்தான். நம் வீட்டில் இருக்கும் அதே எல்பிஜி, ஆனால் படகில் அதன் குணம் வேறு மாதிரி ஆபத்தானது. அது காற்றை விடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னல், கதவு வழியாக வெளியேறலாம், படகின் அடிப்பகுதியோ மூடிய கிண்ணம், அங்கே போய்த் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால் சிலிண்டரை வெளியே, அடியில் ஓட்டை வைத்த தனிப் பெட்டியில்தான் வைப்பார்கள். சமைத்து முடித்ததும் அடுப்புத் திருகை மட்டும் மூடினால் போதாது, சிலிண்டர் வாயையும் மூட வேண்டும். கேஸ் கசிந்தால் கூவும் கருவியைத் தரைமட்டத்தில் மாட்டியிருந்தோம், கார்பன் மோனாக்சைடுக்குத் தனியாக இன்னொன்று. எல்பிஜியில் ஒரு வகையான பியூட்டேன் சிலிண்டர் குளிர்காலத்தில் வேலை செய்யாது, சுழியம் டிகிரியை ஒட்டி அது ஆவியாவதையே நிறுத்திவிடும். ப்ரொப்பேன் வாங்க வேண்டும்.

பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் இறுக்கமாக மூடும் டப்பாக்களில் வைத்தேன். தகர டின்னில் வாங்கியதெல்லாம் காகித லேபிளைக் கிழித்துவிட்டு மார்க்கரில் எழுதித்தான் உள்ளே போகும், ஈரத்தில் லேபிள் ஊறி விழுந்துவிட்டால் கொண்டைக்கடலையா பீச் பழமா என்று தெரியாது. அட்டைப் பெட்டியை உள்ளே கொண்டுவராதே என்பது படகுக்காரர்களின் பழைய விதி, அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டு வரும். வெப்ப நாட்டுத் துறைகளில் அதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

நேரடியாகவே கேட்கிறேன். குளியல், கழிவறை எப்படி?
வாசகர், டோம்பிவிலி

நேரடியாகவே சொல்கிறேன். படகில் 300 லிட்டர் நன்னீர்த் தொட்டி இருந்தது. நான் வளர்ந்தது தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம், பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து பேர். விடிகாலையில் தண்ணீர் வந்ததும் டிரம்மும் குடமும் நிரப்பிவைத்து, அதை ராத்திரி வரைக்கும் ஓட்டுவது எங்கள் வீட்டுப் பாடம். அந்தப் பாடம் படகில் அப்படியே உதவியது. என் கணவர் குழாயைத் திறந்துவிட்டுத் தட்டு கழுவுகிறவர், முதல் மாதம் தொட்டி நாலு நாளில் காலியானது. நான் பாத்திரம் தேய்க்க ஒரு சின்ன வாளி, அலச ஒரு மக் என்று வைத்த பிறகு அதே தொட்டி ஒன்பது நாள் வந்தது. பக்கத்திலேயே குழாய் இருக்கிறதே, ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று கேட்பீர்கள். கடும் குளிரில் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்கப் பொன்டூன் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், அப்போது தொட்டியில் இருப்பதுதான் நமக்கு.

குளியல் பெரும்பாலும் கரையில் இருக்கும் பொதுக் குளியலறையில். துண்டு, சோப்பு, செருப்போடு நூறு மீட்டர் நடை, வாடைக்காற்று. நான் நைட்டிக்கு மேல் பெரிய மழைக்கோட்டு போட்டுக்கொண்டு போவேன், அங்கே எல்லோரும் அப்படித்தான், யாரும் யாரையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை.

கழிவறை படகிலேயே உண்டு. கைப்பம்பை அடித்துக் கடல்நீரை உள்ளே இழுத்துக் கழுவ வேண்டும். மெரினாவுக்குள் அதை வெளியே விடக் கூடாது, படகுக்குள் இருக்கும் கழிவுத் தொட்டியில்தான் சேரும், நிறைந்ததும் உறிஞ்சும் இடத்துக்குப் படகை ஓட்டிப்போய்க் காலி செய்ய வேண்டும். அதனால் பகலில் கரைக் கழிவறை, ராத்திரி அவசரத்துக்குப் படகுக் கழிவறை என்று வைத்துக்கொண்டோம். குழாய் குறுகலானது. தின்று செரித்ததையும் கொஞ்சம் காகிதத்தையும் தவிர வேறு எதுவும் அதில் போகக் கூடாது. விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னாடி இந்த விளக்கம்தான். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்ட ஒரு நாள், அடைத்துக்கொண்ட குழாயை அவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்தார்.

அவ்வளவு சின்ன இடத்தில் சண்டை வந்தால் எங்கே போவீர்கள்? நானும் என் கணவரும் ஒரே அறையில் இரண்டு நாள் இருந்தாலே வாய்த்தகராறு ஆகிவிடுகிறது.
வாசகி, முலுண்ட்

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் நான் அதிகம் தடவை படித்தேன். எங்கள் படகின் உள்ளே நடமாடும் இடம் இருநூறு சதுர அடிகூடத் தேறாது. 2020 மார்ச்சில் அங்கே ஊரடங்கு வந்தபோது அதற்குள்தான் இரண்டு பேரும் வாரக்கணக்கில் இருந்தோம். சண்டை வரத்தான் செய்தது. இடம் குறைவு என்பதற்காக வந்தது குறைவு. எங்களுக்குள் வந்த பெரிய சண்டைக்குக் காரணம் வேறு, அதைச் சொல்கிறேன்.

அவர் கப்பல் இன்ஜினியர். என்ஜின், பேட்டரி, கயிறு, குழாய் எல்லாம் அவர் கையில். சமையல், துணி, கணக்கு என் கையில். ஊரில் எப்படியோ அப்படியே படகிலும் பிரித்துக்கொண்டோம், யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. முதல் வருடம் நவம்பரில் ஒரு கப்பலைப் பார்க்க அவர் ஸ்காட்லாந்து போயிருந்தார். ராத்திரி பதினொரு மணிக்கு பில்ஜ் பம்பு ஓடத் தொடங்கியது. பில்ஜ் என்பது படகின் அடிக்குழி, அங்கே தண்ணீர் சேர்ந்தால் பம்பு தானாக ஓடி வெளியேற்றும். ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் பளபளவென்று நிற்கிறது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. கடல் உள்ளே வருகிறது.

எங்கிருந்து வருகிறது, எதை மூட வேண்டும், எனக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, தூங்கிவிட்டார். ஓடிப்போய்ப் பக்கத்துப் படகைத் தட்டினேன். அதில் தனியாக இருந்த எழுபது வயதுப் பெரியவர் பைஜாமாவோடு வந்தார், ஒரு டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு குனிந்து, என் சமையல் தொட்டிக்குக் கீழே இருந்த ஒரு பித்தளைத் திருகை மூடினார். தண்ணீர் நின்றது. தொட்டியின் கழிவுக் குழாயைப் பிடித்திருந்த கவ்வி துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான். அத்தனை மாதமாக நான் தினமும் மூன்று வேளை நின்ற இடத்துக்கு நேர் கீழே அந்தத் திருகு இருந்திருக்கிறது.

மறுநாள் என் கணவர் திரும்பியதும் நான் கத்தியது மெரினா முழுக்கக் கேட்டிருக்கும். போன் எடுக்காததற்காகக் கத்தவில்லை. என் வீட்டில் நான் விருந்தாளி மாதிரி இருந்திருக்கிறேன், நீங்களும் இருக்கவிட்டீர்கள், நானும் இருந்தேன், அதற்காகக் கத்தினேன். அடுத்த வாரமே இரண்டு பேரும் உட்கார்ந்து படகின் வரைபடம் ஒன்று போட்டோம். ஓட்டில் எங்கெல்லாம் துளை இருக்கிறது, அதன் திருகு எங்கே, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று எழுதி லேமினேட் செய்து படி ஓரத்தில் மாட்டினோம். ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் அந்த அளவுக்குச் செதுக்கிய மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம், திருகே உடைந்துபோனால் அதை வைத்து அடித்து அடைக்கலாம். ஒன்றரை அங்குலத் துளை ஒன்று நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே முழுசாகத் திறந்துகொண்டால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வரும், சின்ன பம்பால் அதைத் தாங்க முடியாது. நான் என்ஜின் ஆயில் மாற்றக் கற்றேன், ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்ப் படகு ஓட்டக் கற்றேன், வயர்லெஸ்ஸில் மெரினாவைக் கூப்பிடுவது என் வேலையாகவே ஆனது. அவர் மாவு கரைக்கக் கற்றார், ரசம் வைத்தார், இன்றைக்கும் அவர் ரசம்தான் எங்கள் வீட்டில் நல்ல ரசம்.

அதற்குப் பிறகு சண்டை வந்தபோதெல்லாம் அது சின்னச் சண்டையாகவே இருந்தது. ஒருவர் மேல்தளத்துக்குப் போவோம், அல்லது துணி துவைக்கக் கரைக்குப் போவோம், துவைத்து உலர ஒன்றரை மணி நேரம் ஆகும், கோபத்துக்கு அது போதும். உங்கள் வீட்டில் எது யாருக்கு மட்டும் தெரியும் என்று ஒருமுறை பாருங்கள் அம்மா. இடத்தைப் பற்றிய கவலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அக்கா, எனக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறது. படகில் இருந்தால் வாடகை மிச்சம் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?
வாசகர், தாராவி

தம்பி, வாழ்த்துகள். மிச்சத்துக்காகப் படகு வாங்காதே. முதலில், எல்லா மெரினாவும் குடியிருக்க விடாது. சிலவற்றில்தான் அனுமதி உண்டு, அதற்கும் தனிக் கட்டணமும் காத்திருப்போர் பட்டியலும் இருக்கும். அனுமதி இல்லாமல் ஒளிந்து வாழ்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், விளக்கை மறைத்துக்கொண்டு, தபாலுக்கு முகவரி இல்லாமல், வங்கியில் கணக்குத் திறக்க முடியாமல். புதிதாக வேலைக்குப் போகிற உனக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

இடத்துக்கான கட்டணம் படகின் நீளத்தில், மீட்டருக்கு இவ்வளவு என்று. அது போக இன்சூரன்ஸ், கரண்டு, டீசல். எங்கள் படகை வருடம் ஒருமுறை கிரேனில் தூக்கி அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, அவை ஒட்டாத பெயிண்ட் அடித்தோம். தூக்க, வைக்க, இறக்க என்று எல்லாவற்றுக்கும் காசு. துத்தநாகக் கட்டிகள் என்று ஒன்று உண்டு, அதை மறந்தவர்கள் நிறைய இழந்திருக்கிறார்கள். உப்புநீரில் இரண்டு வேறு உலோகங்கள் இருந்தால் பேட்டரி மாதிரி ஒன்று கரையும். கரைக் கரண்டின் எர்த் கம்பி எல்லாப் படகையும் இணைப்பதால் பக்கத்துப் படகின் உலோகமும் இந்தக் கணக்கில் சேரும். ப்ரொப்பெல்லர் கரையாமல் இருக்க அதன் அருகில் துத்தநாகக் கட்டியைப் பொருத்துவார்கள், அது முதலில் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

முதல் வருடம் ஓர் அறை எடுத்துத் தங்கு. சனி ஞாயிறுகளில் மெரினாக்களுக்குப் போய், அங்கே குடியிருப்பவர்களோடு பேசு, பிப்ரவரி மாதத்தில் ஒரு ராத்திரி யார் படகிலாவது தூங்கிப் பார். ஜூலையில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதே.

குமட்டல் வராதா?
வாசகி, வாஷி

கட்டிய படகில் எங்களுக்கு வரவில்லை. கரைக்குப் போனால்தான் கால் தடுமாறும். கடையில் பில் போட வரிசையில் நிற்கும்போது தரை மெல்ல ஆடுகிற மாதிரி இருக்கும், சில நிமிடத்தில் சரியாகிவிடும்.

புயல் அடித்தால் என்ன செய்வீர்கள்? பயமாக இல்லையா?
வாசகர், பாண்டுப்

பயமாகத்தான் இருந்தது. 2022 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை, யூனிஸ் புயல். எங்கள் பக்கத்து வைட் தீவின் நீடில்ஸ் முனையில் அன்றைக்கு மணிக்கு 196 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது, இங்கிலாந்தில் அதுவரை பதிவானதிலேயே அதிகம். முந்தின நாளே முன்பாயைக் கழற்றி உள்ளே வைத்தோம், காற்றுப் பிடிக்கும் துணி எதையும் மேலே விடவில்லை, கட்டும் கயிறுகளை இரட்டிப்பாக்கி, உராயும் இடங்களில் பழைய தீயணைப்புக் குழாயை வெட்டிச் சுற்றினோம். கயிறு காற்றில் அறுவதை விட ஓரத்தில் தேய்ந்து அறுவதுதான் அதிகம். பக்கத்துப் படகோடு மோதாமல் இருக்கக் காற்றுப் பந்துகளை எல்லாம் ஒரே பக்கம் தொங்கவிட்டோம்.

காலையில் அவர் படகிலேயே இருந்து கயிற்றைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் முடியாது என்றேன். கயிறு போனால் இன்சூரன்ஸ் இருக்கிறது. இரண்டு பேரும் கரையில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தோம், அந்த அக்கா சூடாகப் புட்டும் சம்பலும் வைத்தார், எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. மாலையில் போய்ப் பார்த்தால் எங்கள் படகு அப்படியே இருக்கிறது, ஒரு கயிறு மட்டும் பாதி தேய்ந்திருந்தது. இரண்டு வரிசை தள்ளி ஒருவருடைய பாய் சுருளிலிருந்து பிரிந்து கந்தலாகியிருந்தது. அந்தத் தேய்ந்த கயிற்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

எங்கள் மாமியாருக்கு 70 வயது. மகன் அப்படி ஒரு படகில் இருந்தால் போய்த் தங்க முடியுமா?
வாசகி, அம்பர்நாத்

என் அம்மா வந்து பதினைந்து நாள் இருந்தார், 68 வயதில். இறங்கும் பாலம் சமமாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் கூட்டிவந்தோம். படகுக்குள் இறங்கும் படி ஏணி மாதிரி இருக்கும், முகத்தைப் படிப் பக்கம் வைத்துப் பின்னோக்கி இறங்கச் சொல்லிக்கொடுத்தேன். முட்டி வலி அதிகம் உள்ளவர்களுக்குக் கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். எங்கள் படுக்கையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் நடு அறைச் சாய்விருக்கையில் படுத்தோம்.

இரண்டாம் நாள் காலையில் அம்மா ஆளைக் காணோம். பதறி மேலே வந்தால் பொன்டூன் பலகையில் உட்கார்ந்து, பலகைகளின் இடைவெளியைத் தாண்டித் தாண்டி அரிசி மாவில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார். வாசல் இல்லாத வீட்டில் அவர் வாசலைக் கண்டுபிடித்துவிட்டார். எறும்புக்குப் போடுகிற மாவை அங்கே வாத்துகள் தின்றன. அந்தப் பதினைந்து நாளும் ஏழு மணிக்கு வாத்துகள் வந்து காத்திருந்தன. பக்கத்துப் படகுப் பெரியவர் கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போவார். அவருடையது இரண்டு ஓடு கொண்ட படகு, அதை ஆங்கிலத்தில் கட்டமரான் என்பார்கள். அது எங்கள் கட்டுமரம்தான் என்று அம்மாவை வைத்துச் சொல்லவைத்தேன், பெரியவர் அதை மூன்று முறை சொல்லிப் பழகினார்.

மும்பையைச் சுற்றிக் கடல் இருக்கிறதே, இங்கேயே இப்படி வாழ முடியுமா?
வாசகர்கள் பலர்

நாங்கள் திரும்பி வந்ததும் எங்களையே கேட்டுக்கொண்ட கேள்வி இது. கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே நிறைய பாய்மரப் படகுகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை பொன்டூனில் கட்டியவை இல்லை, நீருக்கு நடுவே மிதவையில் கட்டியவை. குழாய் கிடையாது, கரண்டுக் கம்பம் கிடையாது, கரைக்கு வர வேண்டுமென்றால் சின்னப் படகு வேண்டும். இங்கே ஓதமும் பெரிது, மழைக்காலத்தில் நாலரை மீட்டருக்கு மேல் உயரும் நாட்களுக்கு மாநகராட்சி முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் சின்னப் படகுகளுக்கு அந்த இடம் பாதுகாப்பில்லை, கரையேற்றிவிடுவார்கள். கேட்வேயிலிருந்து அக்கரையில் இருக்கும் மாண்ட்வாவுக்குப் போகும் படகுகளும் நின்றுவிடும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடையும் உண்டு. இங்கத்திய மீனவர்களான கோலி மக்கள் நாரளி பூர்ணிமா அன்று கடலுக்குத் தேங்காய் கொடுத்துவிட்டுத்தான் பருவத்தைத் தொடங்குவார்கள், இந்தக் கடலை அவர்களை விடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அவர்கள் இறங்காத மாதத்தில் நாம் அதில் குடித்தனம் நடத்த நினைக்கக் கூடாது.

நம் நாட்டில் முறையான மெரினா பார்க்க வேண்டுமென்றால் கொச்சிக்குப் போங்கள், போல்காட்டி அரண்மனையை ஒட்டி இருக்கிறது, உலகம் சுற்றும் படகுகள் வந்து நிற்கும். பொன்டூனில் நடந்து பார்த்தாலே நான் சொன்னதில் பாதி புரிந்துவிடும்.

மும்பையிலேயே கொஞ்சம் ருசி பார்க்க நினைப்பவர்கள் அக்டோபர் வரட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்வேயில் முதல் மாண்ட்வா படகைப் பிடித்து மேல்தளத்தில் நில்லுங்கள். பாய்மரப் படகுகளைத் தாண்டும்போது எந்தப் படகின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தால் நீரோட்டமோ காற்றோ அங்கிருந்துதான் வருகிறது. நாங்கள் மாதம் ஒருமுறை போகிறோம். போகும்போது அவர் சொல்வார், திரும்பும்போது நான் சொல்வேன், யார் சொன்னது சரி என்று படகோட்டியிடம் கேட்டுக்கொள்வோம்.